திரவம் புகுந்த பலகைகளில் மின்வழங்கல் பழுதறிதல்

மடிக்கணினி, டேப்லெட் ஆகியவற்றின் மதர்போர்டில் தண்ணீரோ காபியோ குளிர்பானமோ புகுந்தபின், மின்சாரம் எந்த இடத்தில் அறுந்தது, எந்த இடத்தில் கிரவுண்டோடு ஷார்ட் ஆனது என்று அளந்து அறியும் தொழில்நுட்பம் இது. சார்ஜர் விளக்கு எரியாமல் இருப்பது, பொத்தானை அழுத்தியதும் காற்றாடி ஒரு கணம் சுற்றி நின்றுவிடுவது, சார்ஜரைப் பிடுங்கியதும் கருவி அணைந்துவிடுவது ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். இவற்றுக்கெல்லாம் தண்ணீரையே காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் தண்ணீர் வழியமைத்துத் தருவதோடு சரி. உலோகத்தைத் தின்பது அந்த ஈரத்தின் இருபுறமும் நின்ற மின்னழுத்தம். பழுதைத் தேடும் வரிசை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. இதைக் கவனிக்காத பணிமனைகளில்தான் பிழைக்க வேண்டிய பலகைகள் சாகின்றன.

மின்னோட்டத்துக்கும் முனைகளில் கரையும், படியும் பொருளின் அளவுக்கும் உள்ள தொடர்பை மைக்கேல் ஃபாரடே 1830களிலேயே வகுத்துவிட்டார். மின்கருவிகளில் இது பழுதாக உருவெடுப்பதைத் தெளிவாகக் காட்டியது, பெல் ஆய்வகத்தின் கோமன், ஹெர்மன்ஸ், டவுன்ஸ் மூவரும் 1955இல் வெளியிட்ட ஆய்வு. ஈரப்பதமும் நேர்மின் அழுத்தமும் சேர்ந்தால், மின்கடத்தாப் பொருளின் மீதும் அதனூடேயும் வெள்ளி நகர்ந்து செல்கிறது என்பது அவர்களின் முடிவு. செம்பும் ஈயமும் தகரமும் இப்படியே நடந்துகொள்கின்றன. நேர்முனையில் உலோகம் அயனியாகக் கரைகிறது. ஈரப்படலத்தில் மிதந்து எதிர்முனையை அடைகிறது. அங்கே படிந்து, மரக்கிளை போன்ற இழைகளாக நேர்முனையை நோக்கியே திரும்ப வளர்கிறது. இழை மறுமுனையைத் தொட்டதும் ஷார்ட். ஆகவே ஒரே நிகழ்வு இருவகைப் பழுதை உண்டாக்குகிறது: கரைந்த பக்கம் பாதை அறுகிறது, வளர்ந்த பக்கம் ஷார்ட் ஆகிறது. நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். பேட்டரி லைன்களில் அதைவிடப் பல மடங்கு உண்டு. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பும் அமிலமும் கலந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. கடல்நீர் மிகக் கொடியது. சர்க்கரை அயனியாகப் பிரியாவிட்டாலும் பிசுபிசுப்பாக ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைப்பதால், குளிர்பானம் சிந்திய பலகை வாரக்கணக்கில் அரிக்கப்படுகிறது. அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் பயன்படாததும் இதனால்தான்: நீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே இருக்கிறது. ஐபோனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், அரிசித் துகள்கள் சேதம் விளைவிக்கலாம் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்தியது.

திரவம் கண்ட இடத்தில் பாய்வதால் சேதமும் கண்டபடிதான் இருக்கும் என்பது, பழுதை வரிசையாகத் தேடுவதற்கு எதிரான முதல் மறுப்பு. நனையும் இடம் தற்செயலானது என்பது உண்மை. ஆனால் நனைந்த இடங்களுக்குள் எது அரிபடும் என்பது தற்செயலன்று. ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏர் ஏ1466 மாதிரியை எடுத்துக்கொள்வோம். சார்ஜரிலிருந்து 14.85 வோல்ட் வருகிறது. அதிலிருந்து முதலில் 3.42 வோல்ட் லைன் எழுகிறது. அந்த லைனால் உயிர்பெறும் எஸ்எம்சி என்னும் மின் நிர்வாகச் சிப் சார்ஜரை அடையாளம் கண்டபின்பே இணைப்பின் விளக்கு எரிகிறது. சார்ஜிங் ஐசி ஏறத்தாழ 8.6 வோல்ட்டில் பிபி-பஸ் என்னும் முதன்மை லைனை நிலைநிறுத்துகிறது; 5 வோல்ட், 3.3 வோல்ட், நினைவகம், பிராசஸர் எல்லாம் அதற்குப் பின்னர். பேட்டரி இணைந்திருக்கும்வரை முதல் லைன்கள், கருவி அணைந்திருந்தாலும் உயிரோடு இருக்கும். ஆகவே அரிப்பும் அங்கே இரவும் பகலும் நடக்கிறது. திரை இணைப்பான் இன்னொரு கொலைக்களம். பின்னொளிக்காக உயர்த்தப்பட்ட அழுத்தமும் பிராசஸருக்கு நேராகச் செல்லும் மெல்லிய சமிக்ஞைக் கம்பிகளும் அங்கே ஒட்டியே அமைந்திருப்பதால், ஒரு துளி போதும். ஒற்றைச் செல் அழுத்தத்தில் இயங்கும் டேப்லெட்டில் லைன்கள் குறைவு. பேட்டரி லைனிலும் அதை ஒட்டிய மின் மேலாண்மை ஐசியிலும் தேடல் பெரும்பாலும் முடிந்துவிடும்.

எனவே முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. அதுவரை அரிப்பு நிற்காது. அடுத்தது, கழுவும் முன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கறைகளைக் குறித்துக்கொள்வது. பின்னரே கழுவுதல். அல்ட்ராசோனிக் தொட்டி மென்மையான உதிரிகளைச் சேதப்படுத்தும் என்று சிலர் தூரிகையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும் என்கின்றனர். ஐசியின் அடியில் சால்டர் பந்துகளுக்கிடையே தேங்கிய உப்பைத் தூரிகை எட்டாது என்பதால் தொட்டியே சரியான வழி. உலர்ந்தபின் மின்சாரம் கொடுக்காமலே ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையேயான மின்தடையை அளக்க வேண்டும். சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்ற வாதம் ஆபத்தானது. பிராசஸர் லைனுக்கு அழுத்தத்தை இறக்கித் தரும் மேல்பக்க மாஸ்ஃபெட் என்னும் சுவிட்ச் ஷார்ட் ஆகியிருந்தால், ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கான சிப்பின் மீது பிபி-பஸ் முழுவதும் பாயும். பிராசஸரின் லைன் சில ஓம்களோ அதற்கும் குறைவாகவோ காட்டுவது இயல்பு என்பதையும் மறக்கலாகாது. அதை ஷார்ட் என்று நம்பி நல்ல பலகைகளைக் கைவிடுவதுண்டு.

ஷார்ட் உறுதியானபின், பெஞ்ச் பவர் சப்ளையிலிருந்து குறைந்த அழுத்தத்தை அந்த லைனுக்குள் செலுத்துவார்கள். 0.1 ஓம் ஷார்ட்டில் 5 ஆம்பியர் பாய்ந்தால் 2.5 வாட் வெப்பம் பிறக்கும்; பழுதான பீங்கான் கப்பாசிட்டர் சுடும்; அதன்மேல் ஊற்றிய ஆல்கஹால் மற்ற இடங்களைவிட முன்பே ஆவியாகும். வெப்பக் கேமரா இதை நொடிகளில் காட்டிவிடுகிறது. கேமரா இருக்கும்போது சுற்று வரைபடமும் மின்வேதியியலும் எதற்கு என்று கேட்பவர்கள் பழுதுகளில் ஒரு பாதியை மறந்துவிடுகிறார்கள். அறுந்த பாதை சுடாது. மின்னோட்டத்தை அளக்கும் சிறு ரெசிஸ்டர் ஒன்று அரிக்கப்பட்டுத் தடை ஏறினால், சார்ஜிங் ஐசி தவறான அளவைக் கண்டு வேலையை நிறுத்திவிடும். பிபி-பஸ்ஸில் 8.6க்குப் பதில் பேட்டரியின் அழுத்தம் மட்டும் தெரிந்தால், ஐசி இயங்கவில்லை என்பதே அதன் பொருள். யுஎஸ்பி-சி கருவிகளில், சார்ஜர் 5 வோல்ட்டிலேயே நின்று 20க்கு ஏறாதது இதுபோன்ற தடயம். போர்ட்டைக் கட்டுப்படுத்தும் ஐசியோ அதற்கு மின்சாரம் தரும் லைனோ எழவில்லை என்று பொருள். இவற்றை மல்டிமீட்டரும் வரைபடமும்தான் காட்டும்.

இத்தனை உழைப்புக்குப் பதில் பலகையையே மாற்றிவிடலாம் என்பது கடைசி மறுப்பு. கழற்றி எடுக்கக்கூடிய வட்டு இருந்த காலத்தில் அது நியாயமே. 2018 முதல் டி2 என்னும் பாதுகாப்புச் சிப் கொண்ட மேக்புக்குகளிலும், 2020இல் வந்த எம்1 மாதிரிகளிலும் சேமிப்பின் குறியாக்கம் பலகையில் உள்ள சிப்போடு பிணைந்துள்ளது. பலகை உயிர்பெறாமல் உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் திரும்பா. மாற்றுப் பலகை கணினியைத் தரும், தரவைத் தராது. பலகையைப் பழுதுபார்ப்பதே ஒரே வழியாக இருக்கும்போது அதற்கான உரிமையும் முக்கியமாகிறது. அந்த உரிமைக்காக இந்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நெறிமுறை வகுத்தது.