சத்திரசிகிச்சைக்கூடமும் பாதுகாப்பு மனப்பாங்கும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வெற்றிகளை முதன்மைப்படுத்துவர். நோவை வென்ற மயக்கமருந்து ஒன்று. சீழை வென்ற கிருமியழிப்பு முறை மற்றொன்று. 1846ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் ஈதரின் பயன் பலரறிய நிறுவப்பட்டது. 1867இல் யோசேப்பு லிஸ்ரர் தமது கிருமியழிப்பு முறையை வெளியிட்டார். எனினும் இவற்றின் பின்னரும் தீங்கு நுழையும் வாயிலொன்று திறந்தே கிடந்தது. கூடத்தில் தவறு நேரப்போவதைக் கண்ட தாதியொருவர் அதனைச் சொல்லத் தயங்குவாராயின், கத்தியின் கூர்மையாலும் மருந்தின் தூய்மையாலும் யாது பயன்? நோயாளர் பாதுகாப்பின் வரலாறு சொல்லுரிமையின் வரலாறுமாகும் என்பதே நாம் இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

கண்டிப் பிரதேசம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். கோப்பித் தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளை முன்னிட்டு 1872இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. மலைநாட்டில் ஒழுங்கமைந்த மருத்துவ சேவை வளர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1962இல் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவபீடம் தோன்றியது. 1980இல் பேராதனைப் போதனா வைத்தியசாலை இயங்கத் தொடங்கியது. 2017 யூலையில் இலங்கையின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை கண்டி வைத்தியசாலையில் நிறைவேறியது. ஆகவே, இங்கு கைத்திறனுக்குக் குறைவில்லை என்பது வெளிப்படை. ஆராயவேண்டியது கூடத்தினுள் நிலவவேண்டிய மனப்பாங்கேயாம்.

இம்மனப்பாங்கை அளந்தறியும் முயற்சிக்கு விமானத்துறை வழிகாட்டியது. 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று விமானிகளையும் சத்திரசிகிச்சைக்கூடத்தினரையும் ஒப்பிட்டது. களைப்பு தமது செயற்றிறனைப் பாதிக்காது எனக் கருதிய விமானிகள் 26 சதவீதத்தினர். மூத்த சத்திரசிகிச்சை நிபுணர்களோ 70 சதவீதத்தினர். இளையோர் மூத்தோரை வினவலாகாது என்னும் படிநிலையை விமானிகளுள் 97 சதவீதத்தினர் மறுத்தனர். அந்நிபுணர்களுள் 55 சதவீதத்தினரே மறுத்தனர். பின்னர் 2006இல் வெளியான பாதுகாப்பு மனப்பாங்கு வினாக்கொத்து, கூட்டுழைப்பு, பாதுகாப்புச் சூழல், தொழில் நிறைவு, மன அழுத்தத்தை உணர்தல், நிருவாகம் பற்றிய எண்ணம், பணிச்சூழல் என்னும் ஆறு கூறுகளாக இதனை வகுத்தது.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கமருந்துக்கு முன், தோலை வெட்டுமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மூன்று வேளைகளில் அனைவரும் நின்று வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்தல் அதன் சாரமாகும். புதுடில்லி, மணிலா, இலண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களில் இதனைச் சோதித்தபோது, மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெருஞ்சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆயின், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளை நோக்கிய 2014ஆம் ஆண்டின் ஆய்வு, குறிப்பிடத்தக்க வீழ்ச்சி எதனையும் காணவில்லை. இம்முரண்பாடு நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. தாளில் அடையாளமிடுதல் வேறு; நின்று கேட்டல் வேறு. பட்டியலைக் கட்டளையாற் புகுத்தலாம், மனப்பாங்கை அவ்வாறு புகுத்தவியலாது.

இதனைப் பேராதனையின் அண்மைக்கால வரலாறு தெளிவுபடுத்தும். 2022 மார்ச் இறுதியில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகள் அருகியவேளை, ஏற்கெனவே நாள் குறிக்கப்பட்ட சத்திரசிகிச்சைகளைப் பேராதனை வைத்தியசாலை இடைநிறுத்தியது. அவசர சிகிச்சைகள் மட்டும் தொடர்ந்தன. அருகிய மருந்துகளுள் நியோஸ்ரிக்மின் ஒன்று. சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தும் மருந்து மூச்சுத் தசைகளையும் அடக்கிவிடும். முடிவில் அத்தளர்ச்சியை நீக்கி நோயாளி தாமே மூச்சுவிட உதவுவது நியோஸ்ரிக்மின். அஃது கைவசமின்றி மயக்கத்தைத் தொடங்குதல், திரும்பும் வழியை உறுதிசெய்யாது புறப்படுதலை ஒக்கும். அப்போது இலங்கை வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் இச்செய்தியறிந்து, உதவுமாறு தம் நாட்டு உயர்ஸ்தானிகரைப் பணித்தார்.

இம்முடிவை இயலாமையின் ஒப்புதல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 'நிறுத்துக' எனப் பகிரங்கமாகச் சொல்லுந் துணிவும் பாதுகாப்பு மனப்பாங்கின் கூறேயாம். அதேவேளை, காத்திருந்த நோயாளர் அதன் விலையைச் செலுத்தினர் என்பதையும் மறத்தலாகாது. இதே மருத்துவபீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய சேனக பிபிலே, 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராக இருந்து, இன்றியமையா மருந்துகள் எளியோர்க்கும் கிட்டவேண்டுமென உழைத்தவர். கூடத்தின் பாதுகாப்பு கூடத்தின் சுவர்களுக்குள் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு அவர் பணி சான்றாகும்.

இனி, நமக்கு நெருங்கிய வினாவொன்று எஞ்சியுள்ளது. பட்டியலின் முதற் கேள்வி நோயாளியை நோக்கியது: அவர் தம் பெயரையும், வெட்டப்படும் இடத்தையும், செய்யப்படும் சிகிச்சையையும், தமது சம்மதத்தையும் தம் வாயால் உறுதிசெய்தல் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த தாயொருவர்க்கு விடுதியில் மகனோ அயலவரோ மொழிபெயர்த்திருக்கலாம். அம்மொழிபெயர்ப்பாளர் கூடத்தின் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றார். உள்ளே தமிழ் அறிந்தார் எவருமிலராயின் அத்தாயின் தலையசைப்பே விடையாகக் கொள்ளப்படும். விளங்காத வினாவுக்கும் அச்சத்தினால் தலையசைப்போர் உளர். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை மெய்ப்படவேண்டிய இடங்களுள் சத்திரசிகிச்சைக்கூடம் முதன்மையானது.

சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களும் ஆக்கினார். மருத்துவ அறிவு மக்கள் மொழியில் நிகழ்தல் இயலுமென்பது அன்றே நிறுவப்பட்டது. இன்று வேண்டப்படுவது அதனினும் எளிது: மூன்று மொழிகளிலும் அச்சிட்ட பட்டியல், அதனை வாசிக்கவல்ல ஊழியர் ஒருவர், விடை வரும்வரை பொறுத்திருக்கும் சில நிமிடங்கள். கூடத்தில் இளைய தாதியின் சொல்லும் கட்டிலிற் கிடப்போரின் சொல்லும் செவிமடுக்கப்படும் நாளிலேயே அப்பட்டியல் பயன்தரும் என்பது நமது துணிபு.