வட்டாவும் ‘மிக்’ பரம்பரையலகும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலான அம்பாறைக் கரையோர ஊர்களில் விருந்தினர் முன் வைக்கப்பட்ட பித்தளை வட்டாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு பெரும்பாலும் புகையிலையும் இருந்தது. இவற்றை மெல்வோரிடையே வாய்ப் புற்றுநோய் மிகுந்திருப்பதை, திருவிதாங்கூர் நோயாளரை ஆராய்ந்த ஓர் என்னும் மருத்துவர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். மெல்பவரின் கலத்தினுள் பழுதாவது எது என்பதை அக்கால அறிவியலால் சொல்ல முடியவில்லை. அதற்கான முதல் துப்பு கிடைத்தது நோயுற்ற கோழிகளிடம்.

கோழிகளில் புற்றை உண்டாக்கும் வைரசைப் பற்றி 1911இல் எழுதிய பெய்ட்டன் ரௌசுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1966இல்தான். அவ்வைரசிலுள்ள புற்றூட்டும் பரம்பரையலகு, நலமுள்ள கோழியின் கலத்திலிருந்தே வைரசுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் காட்டினர். இவ்வாறு இயல்பாகக் கலத்துக்குத் தேவைப்படுவதும், பழுதுற்றால் புற்றுக்கு வழிவிடுவதுமானது ‘முன்புற்றுப் பரம்பரையலகு’ எனப்படும். எம்.சி.29 என்ற வேறொரு கோழி வைரசின் வழியாக அறியப்பட்ட ‘மிக்’ அத்தகையதே.

மனிதரின் 8ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ள மிக், டீ.என்.ஏ.யிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கப்படுவதை நெறிப்படுத்தும் புரதத்தை, அதாவது பிரதியெடுப்புக் காரணியை, ஆக்குகிறது. அப்புரதம் மாக்ஸ் என்னும் துணைப் புரதத்தோடு சேர்ந்து டீ.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு, கலம் வளரவும் பிரியவும் வேண்டிய பல பரம்பரையலகுகளை முடுக்கிவிடுகிறது. கரு வளர்வதற்கும் அது வேண்டும். எனினும் உண்டான புரதத்தில் பாதி, ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குள் அழிக்கப்பட்டுவிடுகிறது; கலத்தின் நலம் இந்தக் கட்டுப்பாட்டிலேயே தங்கியுள்ளது. ஆபிரிக்கச் சிறுவரிடையே மிகுதியாகக் காணப்படும் பேர்க்கிற் நிணநீர்ப் புற்றில், 8ஆம், 14ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டுவதால் மிக் ஓயாது முடுக்கப்படுவது 1982இல் தெரியவந்தது. வாய்ப் புற்றில் நிகழ்வது வேறு: பல கட்டிகளில் மிக்கின் படிகளே பெருகியிருக்கின்றன. ஆனால் மிக் மட்டுமே குற்றவாளியன்று. கலத்தைக் காக்கும் வேறு பரம்பரையலகுகளும் அங்கே பழுதடைந்திருக்கும்.

புகையிலை போடாவிட்டால் கேடில்லை என்று ஊரில் சொல்லப்படுவது தவறு. வெறும் பாக்கும் புற்றூட்டுவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. மிக்கை நேரடியாக அடக்கும் மருந்து இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே வெற்றிலை போடுவோர், வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, வாய் திறக்க இறுக்கமோ இருந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று காட்ட வேண்டும்.