வீட்டில் கட்டப்படும் போர் விமானியறை

வீட்டில் கட்டப்படும் போர் விமானியறை என்பது, ஒரு போர் விமானத்தின் ஓட்டுநர் அறையை உண்மையான அளவிலேயே தனிமனிதர் ஒருவர் தம் வீட்டிலோ கொட்டகையிலோ அமைத்து, கணினி மென்பொருளுடன் இணைத்து, தரையில் இருந்தபடியே பறத்தலைப் பயிலும் அமைப்பாகும். இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, திராட்டில், கால் மிதிகள், சுவிட்சுப் பலகைகள், திரைகள் ஆகிய அனைத்தும் அசல் விமானத்தில் உள்ள இடத்தில், உள்ள அளவில் இருக்கும். பறத்தல் மட்டும் கணினிக்குள் நடக்கும். காக்பிட் சிமுலேட்டர் என்ற பெயரே பொது வழக்கில் உள்ளது.

பொழுதுபோக்காகத் தோன்றினாலும் இதன் வரலாறு உயிர்களைக் காத்த ஒரு கருவியின் வரலாற்றோடு பிணைந்தது. அந்தக் கருவியும் ஒரு தொழிற்கூடத்தின் நிலவறையில், கிடைத்த பொருள்களைக் கொண்டு, தனி ஒருவரின் முயற்சியில் பிறந்ததே.

பீப்பாயில் தொடங்கிய பயிற்சி

விமானம் பறக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தரைப் பயிற்சியின் தேவை உணரப்பட்டது. 1910-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் ஆந்துவானெத் விமானங்களுக்காக ஒரு பயிற்சிக் கருவி செய்யப்பட்டது. ஒரு பீப்பாயைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியின் மேல் மற்றொன்றை ஏற்றி, அதன் உச்சியில் மாணவரை உட்கார வைத்தார்கள். உதவியாளர்கள் கையால் பீப்பாயை ஆட்டுவார்கள். மாணவர் கையிலுள்ள சக்கரங்களைத் திருப்பிச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இன்றைய சிமுலேட்டர்களின் முன்னோடி இந்தப் பீப்பாய்தான்.

அதே 1910-இல் சென்னையும் சொந்தக் கையால் கட்டப்பட்ட விமானம் ஒன்றைக் கண்டது. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய கோர்சிகாக்காரரான ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தாரின் உதவியுடன் தாமே ஒரு விமானத்தை உருவாக்கி, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். குதிரை வண்டிகளுக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் கூடு கட்டிய பட்டறையின் கைத்திறன் விமானத்துக்கும் பயன்பட்டது.

எட்வின் லிங்க்கும் துருத்தியும்

1904-இல் பிறந்த அமெரிக்கரான எட்வின் லிங்க், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே காற்றால் இயங்கும் ஆர்கன்களும் தானியங்கிப் பியானோக்களும் செய்யப்பட்டன. 1920-இல் 50 டாலர் கட்டி முதல் பறத்தல் பாடத்துக்குச் சென்ற லிங்க்கை, ஆசிரியர் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடவே விடவில்லை. பணம் இருப்பவர்தான் பறக்கக் கற்க முடியும் என்ற நிலை அவரை யோசிக்க வைத்தது.

தொழிற்சாலையின் நிலவறையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் உழைத்து, ஆர்கனுக்குரிய துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு அவர் ஒரு சிறிய விமானப் பெட்டியைச் செய்தார். மாணவர் தண்டை அசைத்தால் அடியிலுள்ள துருத்திகளில் காற்று கூடும் அல்லது குறையும். பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்கிப் பார்த்தவர்கள் இந்தத் தத்துவத்தை எளிதில் புரிந்துகொள்ளலாம். 1929-இல் லிங்க் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் விமானப் பள்ளிகள் இதை நம்பவில்லை. முதலில் வாங்கியவர்களில் பலர் கேளிக்கைப் பூங்கா நடத்தியவர்கள்.

நிலைமையை மாற்றியவை விபத்துகள். 1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து அப்பணியை ராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தது. பனியிலும் மேகத்திலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அவர்களுக்குப் போதாது. சில வாரங்களிலேயே பல விமானிகள் மாண்டனர். அதன் பின்னர் ராணுவம் லிங்க்கின் கருவியைக் கவனித்தது. மற்றவர்கள் பறக்கத் தயங்கிய மோசமான வானிலையில் லிங்க் தாமே விமானம் ஓட்டிக்கொண்டு அதிகாரிகளைச் சந்திக்க வந்து இறங்கியதே அவர்களை நம்ப வைத்தது. அதே ஆண்டில் ஒன்று 3,500 டாலர் விலையில் ஆறு கருவிகள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குள் 10,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டு, ஏறத்தாழ ஐந்து லட்சம் விமானப் படையினர் அவற்றில் பயின்றனர்.

துருத்தியிலிருந்து கணினிக்கு

போருக்குப் பின் துருத்தியின் இடத்தை மின்சுற்றுகளும் கணினிகளும் பிடித்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1944-இல் அமெரிக்கக் கடற்படைக்கான விமானப் பயிற்சிக் கருவியாகத் தொடங்கப்பட்ட திட்டமே, பின்னர் வேர்ல்விண்ட் என்ற புகழ்பெற்ற கணினியாக வளர்ந்தது. விமானியின் கை அசைவுக்கு அந்தக் கணமே விடை சொல்ல வேண்டும் என்ற தேவைதான், உடனுக்குடன் இயங்கும் கணினியை உருவாக்கத் தூண்டியது.

சிமுலேட்டர் அறையைத் தாங்கும் ஆறு கால் மேடைக்கும் ஒரு சுவையான பின்னணி உண்டு. டன்லப் நிறுவனத்தில் பணியாற்றிய எரிக் காஃப் என்ற பொறியாளர், டயர்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்காக 1950-களில் இந்த அமைப்பைப் பயன்படுத்தினார். 1965-இல் ஸ்டூவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்கான ஆறு கால் மேடை ஒன்றை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். அதனால் அது ஸ்டூவர்ட் மேடை என்றே பெயர் பெற்றது. டயருக்காகப் பிறந்த ஒரு வடிவம் விமானத்தைத் தாங்குகிறது.

தேஜஸ்: தரையில் பறந்த விமானம்

இந்தியாவில் சிமுலேட்டரின் அருமையை உணர்த்திய எடுத்துக்காட்டு தேஜஸ் இலகு ரகப் போர் விமானம். இது வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்டது. அத்தகைய விமானம் விரைவாகத் திரும்பும். ஆனால் கணினி இடைவிடாமல் திருத்திக்கொண்டே இராவிட்டால் மனிதரால் அதை ஓட்ட முடியாது. விரல் நுனியில் நிறுத்திய கோலைப் போன்றது அதன் நிலை. எனவே கணினிக்குரிய கட்டுப்பாட்டு விதிகளை முதலில் தரையில் சோதிக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்திலும் வானூர்தி மேம்பாட்டு நிறுவனத்திலும் அமைக்கப்பட்ட சிமுலேட்டர்களில் சோதனை விமானிகள் பல மணி நேரம் "பறந்தார்கள்".

1996-இல் இந்த விதிகள் அமெரிக்காவில் விஸ்டா என்ற சிறப்பு எஃப்-16 விமானத்தில் ஏற்றப்பட்டன. அந்த விமானம் தன் கணினியின் உதவியால் தேஜஸைப் போல நடந்துகொண்டது. 1998 மே மாத அணுச் சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா தடை விதித்ததால் கூட்டுப்பணி நின்றது. எஞ்சிய வேலையை இந்தியப் பொறியாளர்கள் உள்நாட்டிலேயே முடித்தனர். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதலாக வானில் ஏறியபோது, அதை ஓட்டிய ராஜீவ் கோத்தியால் தரையில் நீண்ட பயிற்சி பெற்றிருந்தார். தேஜஸ் படைப்பிரிவுகள் பின்னர் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் நிலைகொண்டன.

வீட்டுக்குள் வந்த விமானியறை

சாதாரண மக்களுக்கு இந்தக் கதவைத் திறந்தவை வீட்டுக் கணினிகள். புரூஸ் ஆர்ட்விக் எழுதிய பறத்தல் மென்பொருள் 1979-இல் ஆப்பிள்-2 கணினிக்காக வந்தது. அவருடைய மென்பொருளே 1982-இல் மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் ஆனது. போர் விமானங்களைப் பொறுத்தவரை, 1998-இல் வெளிவந்த ஃபால்கன் 4.0 ஒரு திருப்பம். எஃப்-16-இன் ராடார், ஆயுதங்கள், சுவிட்சுகள் ஆகியவற்றை அது மிக நுணுக்கமாகக் காட்டியது. அதன் மூலநிரல் 2000-இல் வெளியே கசிந்தது. அதன் பின் ஆர்வலர்கள் அதைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வளர்த்தனர். 2008 முதல் டிசிஎஸ் என்ற மென்பொருள் வரிசையும் ஒவ்வொரு சுவிட்சையும் இயக்கிப் பார்க்கும் வசதியைத் தந்தது.

மென்பொருள் இவ்வளவு நுணுக்கமானபோது விசைப்பலகை போதாமல் போனது. நூற்றுக்கணக்கான சுவிட்சுகளை எலியால் சொடுக்குவதைவிட, அவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டிவிடுவது மேல் என்று ஆர்வலர்கள் கருதினர். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ என்ற மலிவான மின்னணுப் பலகையும், அதன் பின் பரவிய முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் இதை எளிதாக்கின.

கட்டும் முறை

பலர் தேர்ந்தெடுப்பது எஃப்-16. அதில் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே அமர்வார். அதன் அளவுகளும் படங்களும் பரவலாகக் கிடைக்கின்றன. அதன் இருக்கை 30 பாகை பின்சாய்ந்தது. கட்டுப்பாட்டுத் தண்டு கால்களுக்கு நடுவில் இராமல் வலப்பக்கத்தில் இருக்கும். முதலில் வந்த தண்டு அசையவே அசையாது. கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். விமானிகளுக்கு அது இயல்பாகப் படாததால் பின்னர் சிறிது அசையுமாறு மாற்றப்பட்டது. தேஜஸில் தண்டு நடுவில் உள்ளது.

முதலில் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். பலகையில் கூடு அமைக்கப்படும். இருபுறமும் நீண்ட மேசைகளில் சுவிட்சுப் பலகைகள் பொருத்தப்படும். அமெரிக்க ராணுவ விமானங்களில் இவற்றின் பொது அகலம் சுமார் 146 மி.மீ. ஆகையால், ஒரு பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிது. பலகையில் எழுத்துகள் ஒளிர ஒரு முறை உண்டு. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டில் வெள்ளை வண்ணமும் அதன் மேல் கறுப்பு வண்ணமும் பூசி, எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பைச் சுரண்டி எடுப்பார்கள். பின்னால் விளக்கு எரிந்தால் எழுத்து மட்டும் தெரியும்.

தண்டின் நிலையை அறிய முன்பு பொட்டென்ஷியோமீட்டர் பயன்பட்டது. அது உராய்ந்து தேயும். இப்போது காந்தப் புலத்தை உணரும் ஹால் உணரிகளைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் உராய்வு இல்லை. சுவிட்சுகளின் கம்பிகள் ஆர்டுயினோவில் சேரும். அது கணினியிடம் எந்தச் சுவிட்சு எந்த நிலையில் உள்ளது என்று சொல்லும். எதிரே வளைந்த திரையும் ஒளிவீழ்த்திகளும் வைக்கலாம். தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவியையும் பயன்படுத்தலாம். அதை அணிந்தால் கை சுவிட்சைத் தேடி உணர வேண்டும். எனவே சரியான இடத்தில் சரியான சுவிட்சு இருப்பது மேலும் முக்கியமாகிறது.

தமிழகத்துப் பின்னணி

சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தில் பிள்ளைப்பாக்கம் உள்ளது. ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இயங்கத் தொடங்கியது முதல் இந்த வட்டாரம் கார், டயர், கண்ணாடி, மின்னணுப் பொருள்கள் ஆகியவற்றின் களமானது. 2006-இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலை இழந்தனர். ஒரே பொருளை ஒரே கட்டத்தில் மட்டும் பொருத்தப் பழகிய கைகள், வேறு வேலைக்கு மாறப் பட்ட பாடு பெரிது.

விமானியறை கட்டுவதற்கு வேண்டியவை எல்லாம் இந்த வழித்தடத்தின் தொழில்களைச் சேர்ந்தவை: தகடு வளைத்தல், நெகிழி வார்ப்பு, கம்பிக் கட்டு தயாரித்தல், மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்தல், இருக்கை தைத்தல். சில்லறைப் பொருள்களுக்குச் சென்னையின் ரிச்சி தெரு இருக்கிறது. ஆலையில் இவை தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. விமானியறையில் ஒரே மனிதர் எல்லாவற்றையும் தொட்டு, ஒன்றோடொன்று பொருத்தி, பிழை எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இதுவே இதன் கல்விப் பயன். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சென்னையும் ஒன்று. வல்லம் வடகாலில் விமானத் தொழில் பூங்கா அமைவதால், இத்தகைய முழுமையான திறன் கொண்டவர்களுக்கான தேவை கூடுகிறது.

இருக்கைக்கு வெளியே நின்றவர்கள்

குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பணி ஓய்வு பெற்ற இரண்டு விமானங்களே தம்மை விமானவியலின் பக்கம் இழுத்தன என்று ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். விமானப் படைத் தேர்வுக்கு அவர் டேராடூன் சென்றார். 25 பேரில் ஒன்பதாம் இடம் பெற்றார். இடங்கள் எட்டே. விமானியாகும் கனவு அத்துடன் முடிந்தது. 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக இருந்தபோது, 74 வயதில், புனேயில் சுகோய்-30 விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து அவர் பறந்தார்.

கண்பார்வை, உயரம், வயது, ஓர் இடம் குறைவு ஆகிய ஏதேனும் ஒன்றால் விமானியறைக்கு வெளியே நின்றுவிட்டவர்கள் ஏராளம். வீட்டில் விமானியறை கட்டுபவர்களில் இத்தகையோர் பலர் உள்ளனர். ஒரு கல்வி நிலையத்தில் நின்ற இரண்டு பழைய விமானங்கள் ஒரு மாணவரின் வாழ்க்கைப் பாதையை மாற்றின. பள்ளி அல்லது தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மாணவர்கள் கூடிக் கட்டும் விமானியறைக்கும் அந்த ஆற்றல் உண்டு.

வரம்புகள்

வீட்டு விமானியறை, விமானத்துக்கு ஈடாகாது. வேகமாகத் திரும்பும்போது போர் விமானியின் உடல் எடை பல மடங்காகக் கூடும், குருதி தலையிலிருந்து இறங்கும், பார்வை மங்கும். வீட்டில் இதை உணர முடியாது. ஒப்புதல் பெற்ற கருவிகளில் பெற்ற பயிற்சி மட்டுமே உரிமத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும். ஆனாலும் கருவிகளைப் படிக்கும் ஒழுங்கு, சரிபார்ப்புப் பட்டியலை வரிசை தவறாமல் பின்பற்றுதல், பிழை நேர்ந்தால் பதறாமல் காரணம் தேடுதல் ஆகியவற்றை இங்கே பழகலாம். இங்கே தவறு செய்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து பறக்கலாம். 1934-இல் பனியில் சிக்கிய தபால் விமானிகளுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை.