கோலார்ப் பொன் கண்ட கதை

குன்றிமணிப் பொன்னேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. எனினும், அப்பொன்னை மண்ணிலிருந்து வெளிக்கொணர எவரெவர் பாடுபட்டனர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆதலின் கோலார்ச் சுரங்க வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள் முன் சுருக்கமாக வைக்க விழைகின்றோம்.

1802-ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்க வந்த வாரன் என்னும் படை அதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் முதலிய சிற்றூர்களில் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை அறிந்து எழுதி வைத்தார். அக்குறிப்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1871-இல் அது லவெல் என்பவர் கண்ணில் பட்டது. இவர் நியூசிலாந்துப் போரில் பங்குகொண்டு, பின் பெங்களூரில் குடியேறிய அயர்லாந்து வீரர். ஏறத்தாழ 60 மைல் மாட்டு வண்டியில் சென்று பழைய பள்ளங்களை ஆராய்ந்தார். 1873-இல் அரசாங்கத்திடம் உரிமை வேண்டினார். 1875-இல்தான் 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. உரிகத்தருகே குழி தோண்டினார். கையிருப்புக் கரைந்ததேயன்றிப் பொன் குவியவில்லை. 1877-இல் உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தார்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அவர்களும் முதலில் நஷ்டமே கண்டனர். பங்குதாரர்கள் மனம் தளர்ந்த வேளையில், பிளம்மர் என்னும் அதிகாரி பழைய குழிகளைப் பின்பற்றிச் சென்று சாம்பியன் பொற்படிவத்தைக் கண்டார். பெயர் அறியாத முன்னோர் தோண்டிய பள்ளமே வழிகாட்டியது!

1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் பாதை அமைந்தது. ரயில்வே ஊழியராகிய நமக்கு அது தனி மகிழ்ச்சி. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரமும் வந்தது. வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் பெருந்திரளாகச் சென்று சுரங்கத்தில் இறங்கினர். 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், பாறை வெடிக்கும் அபாயத்திலும் தாங்கொணா வெப்பத்திலும் உழைத்தனர். சென்ற இடத்திலும் தமிழை மறவாது வளர்த்தனர்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று எஞ்சி நிற்பவை கழிவுமண் மேடுகளும் உழைத்தோரின் சந்ததியாருமே. லவெல் பெயரால் பெங்களூரில் ஒரு சாலை உண்டு, அது தகும். ஆழத்தில் உயிரீந்த நம்மவர் பெயர்களை எச்சாலையில் பொறிப்பது? நம் இல்லத்துப் பெண்மக்களுக்குப் பொன் பூட்டும்போதேனும் அவர்களை நினைப்போமாக.