பென்னிகுயிக் பெயர் தெரியும், அணை கட்டிய சிப்பாய்களின் பெயர் தெரியுமா?

ஜனவரி 15 வந்தால் தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் படத்துக்கு மாலை விழுகிறது, பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். பழனிசெட்டிபட்டி தடுப்பணையில் தேங்கி நிற்கும் முல்லையாற்றுத் தண்ணீர் பெரியாறு அணையால் வந்தது. அந்த நன்றியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1887 முதல் 1895 வரை அந்தக் காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் யார் என்று கேளுங்கள். 'கூலியாட்கள்' என்ற ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும்.

அவர்களில் ஒரு பகுதியினர் சிப்பாய்கள். மதராஸ் பயோனியர் படையின் 1ஆவது, 4ஆவது பட்டாலியன்கள் அணை வேலைக்கு அனுப்பப்பட்டன. பயோனியர் என்றால் துப்பாக்கியும் உண்டு, மண்வெட்டியும் உண்டு. பாதை போடுவது, பாலம் கட்டுவது, தேவைப்பட்டால் போரிடுவது எல்லாம் அவர்கள் வேலை. இந்த பயோனியர் படையிலும், மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் பறையர்கள் பணியாற்றினார்கள். முழுக்க நம் மக்களே இருந்த படைகள் என்று மிகைப்படுத்த வேண்டாம், பல சமூகத்தாரும் இருந்தார்கள். ஆனால் நம் மக்களை விட்டுவிட்டு இந்தப் படைகளின் வரலாற்றை எழுத முடியாது.

இந்த இரண்டு பட்டாலியன்களும் முன்பு காலாட்படையாக இருந்தவை. 1883இல்தான் பயோனியர் ஆக்கப்பட்டன. அப்போது மதராஸ் படையின் தலைமைத் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸ், அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு குடும்பத்திலிருந்து வந்தவர். தென்னிந்தியச் சிப்பாய்களுக்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்பது அவர் எண்ணம். 1885இல் அவர் இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியானார். 'வீர இனங்கள்' என்ற கோட்பாடு வலுப்பெற்றது, மதராஸ் காலாட்படைகள் குறைக்கப்பட்டன. கம்பெனி காலத்தில் பறையரையும் மகரையும் சேர்த்துக்கொண்டு போர்களை வென்ற அரசு, வென்று முடித்ததும் பிறப்பைக் காட்டிக் கதவடைத்தது. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பட்டாளம் நம் மக்களுக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை. பள்ளிக்கூடமும் ஓய்வூதியமும், ஊர்த் தெருவில் கிடைக்காத மரியாதையும் அங்கே கிடைத்தன. அந்தக் கதவு மூடியதன் இழப்பை அப்படித்தான் அளக்க வேண்டும்.

1903இல் அந்தப் பட்டாலியன்களுக்கு 61ஆவது, 64ஆவது பயோனியர் என்று பெயர் மாறியது. முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1914 நவம்பரில், 61ஆவது பயோனியர் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறங்கியது. இன்று அது தான்சானியாவில் இருக்கிறது, அன்று ஜெர்மன் காலனி. அங்கே பிரிட்டிஷ் தரப்புக்குப் படுதோல்வி. மதராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், போரிட்டார்கள். 1933இல் பயோனியர் படை கலைக்கப்பட்டது.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே கேள்வி அயர்லாந்திலும் எழுந்தது.

'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்ற ஐரிஷ் காலாட்படையின் ஒரு வேர் நம் மண்ணில் இருக்கிறது. கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியர் படைதான் பிறகு மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881இல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. அதன் போர் விருதுகளில் ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர் என்ற பெயர்கள் உண்டு. 1857இல் வட இந்தியாவில் கொடூரம் செய்த நீல் இந்தப் படையின் தளபதி. 1927இல் சென்னையில் போராட்டம் நடந்தது அவர் சிலையை அகற்றத்தான்.

1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலி கடற்கரையில் அந்தப் படையின் முதல் பட்டாலியன் படகுகளிலிருந்து இறங்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு டப்ளினில் விடுதலை எழுச்சி. 1922இல் படை கலைக்கப்பட்டது. சுதந்திர அயர்லாந்தில் அரசரின் சீருடை அணிந்தவர்களைப் பற்றிப் பேசவே தயங்கினார்கள். போயர் போரில் இறந்த ஃபியூசிலியர்ஸின் பெயர்கள் பொறித்த டப்ளின் வளைவுக்குத் தேசியவாதிகள் வைத்த பெயர் 'துரோகிகள் வாசல்'.

ஆனால் அந்தப் பெயர்கள் அழியவில்லை. போரில் இறந்தவர்களின் நினைவேடு 8 தொகுதிகளாக, 49,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு இருந்தது. சிதைந்து கிடந்த டப்ளின் நினைவுத் தோட்டம் 1980களில் சீரமைக்கப்பட்டது. 1998இல் பெல்ஜியத்தின் மெசீனில் அமைதிக் கோபுரம் திறக்கப்பட்டது. யாரும் பேரரசைப் புகழவில்லை. வறுமையால் பட்டாளத்துக்குப் போனவனையும் அவனை அனுப்பிய ஆட்சியையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் நிலை வேறு. பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் அனைவருக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் படையின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இத்தகைய பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெரியாறு அணைக்கு அருகிலும் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. கட்டுமானத்தின்போது நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்கிறது பதிவு. அங்கேயும் நமக்குக் கிடைப்பது எண்ணிக்கைதான்.

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் சேரியில் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று அழைக்கப்படும் வீடு இருந்தால் போய்ப் பேசுங்கள். பழைய பதக்கம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம் எது கிடைத்தாலும் படம் எடுத்து, பெயரையும் படை எண்ணையும் எழுதி வையுங்கள். கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். அடுத்த ஜனவரி 15 அன்று பென்னிகுயிக் பெயரைச் சொல்லும் மேடையில் பயோனியர் சிப்பாய்களின் பெயரையும் சொல்லக் கேளுங்கள்.

பேரரசு அவர்களை எண்ணிக்கையாக எழுதியது. நாமும் அப்படியே விட்டுவிட வேண்டாம்.

ஜெய் பீம்!