பழைய பந்தய மிதிவண்டி மீளமைப்பு

பழைய பந்தய மிதிவண்டி மீளமைப்பு என்பது பழைய சாலைப் பந்தய மிதிவண்டி ஒன்றை, அது செய்யப்பட்ட காலத்துக்குரிய பாகங்களைக் கொண்டே மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பணி ஆகும். கிடைத்த புதிய பாகங்களைப் பூட்டி வண்டியை ஓடச் செய்வது பழுதுபார்த்தல் மட்டுமே. எந்த ஆண்டுவரை பழையது என்பதற்குப் பொது வரையறை இல்லை. இத்தாலியில் 1997 இல் தொடங்கிய லெரோய்க்கா ஓட்டத்தில் 1987க்கு முந்தைய வண்டி என்பது அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

வண்டியை இனங்காணல்

தமிழ்நாட்டில் பெயர்ப்பட்டையை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறாக முடியலாம். முருகப்பா குழுமமும் பிரித்தானியாவின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949 இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரித்தது. 1955 ஆம் ஆண்டு பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் கலந்துகொண்ட பிரித்தானிய அணியினருள் பெரும்பாலோர் ஹெர்குலிஸ் அணி வீரர்களே. அவர்களுள் பிரையன் ராபின்சன், டோனி ஹோர் ஆகிய இருவரும் அப்பந்தயத்தை முடித்த முதல் பிரித்தானியர் ஆவர். பந்தயச் சட்டங்களுக்குப் புகழ்பெற்ற 531 குழாய்களை 1935 இல் அறிமுகப்படுத்திய ரெனால்ட்ஸ் நிறுவனமும் 1928 இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இணைந்ததே.

எனினும் உத்திரமேரூர் போன்ற ஊர்ப்புறங்களில் சுமை ஏற்றப் பயன்பட்ட ஹெர்குலிஸ் வேறு வகை. கம்பி பிரேக்கும் 28 × 1½ அங்குல டயரும் கொண்ட அதன் சட்டத்தைப் பந்தய வண்டியாக மாற்ற முயல்வது வீண் வேலை. அந்த டயர் அமரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; பந்தய வண்டிகளின் 27 அங்குல ரிம்முக்கு 630 மி.மீ., 700சி ரிம்முக்கு 622 மி.மீ. இருக்கை தண்டின் விட்டம் 27.2 மி.மீ. இருப்பின் சட்டம் உயர்தர மென்குழாயால் ஆனதாக இருக்க வாய்ப்புண்டு.

பாகங்களின் காலம்

காம்பஞோலோவின் நுவோவோ ரெக்கார்டு பின் கியர் மாற்றியில் காப்புரிமைச் சொல்லை அடுத்து ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில் மாதமும் ஆண்டும் காணப்படும். பின் கவையின் இடைவெளியும் ஒரு சான்று: ஐந்து பற்சக்கரங்களுக்கு 120 மி.மீ., ஆறு அல்லது ஏழுக்கு 126 மி.மீ., எட்டுக்கு 130 மி.மீ. எஃகுச் சட்டத்தைச் சூடாக்காமலே விரிக்க இயலும். அலுமினியச் சட்டத்தை விரிக்கக் கூடாது.

மரைகள்

மீளமைப்பில் அதிகம் கெடுவது பி.பி. எனப்படும் மிதி அச்சுக் கூட்டின் மரை. பிரித்தானியச் சட்டத்தில் இது 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் உடையது. சங்கிலிப் பக்கக் கப்பு இடமரை. இதை அறியாமல் வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் கப்பு மேலும் இறுகும். இத்தாலியச் சட்டத்தில் விட்டம் 36 மி.மீ.; இருபுறமும் வலமரை. மரை அழிந்த பிரித்தானியக் கூட்டை இத்தாலிய அளவுக்கு வெட்டலாம். அதன் பின் பழைய அளவுக்குத் திரும்ப வழியில்லை என்பதால் அதைக் கடைசி முயற்சியாகவே கொள்ள வேண்டும்.

சக்கரத்தில் கோட்டம் எடுத்தல், பால்ரஸ் மாற்றிக் கிரீஸ் இடுதல், காட்டர் பின்னைத் தட்டி எடுத்தல் போன்றவற்றை ஊர் மிதிவண்டிக் கடைகளிலேயே செய்துகொள்ளலாம்.

வண்ணப்பூச்சும் பாதுகாப்பும்

மூல வண்ணமும் ஒட்டுப்படமும் ஓரளவு எஞ்சியிருப்பின் மறுபூச்சு தவிர்க்கப்படுகிறது; சுரண்டிய பூச்சை மீட்க முடியாது. அலுமினியக் கைப்பிடி, அதன் தண்டு, கிராங்கு ஆகியவற்றுக்கு இவ்வளவு பொறுமை காட்டத் தேவையில்லை. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அவற்றை ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பிரேக் கட்டைகளின் இரப்பர் காலப்போக்கில் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதால், காலப் பொருத்தம் பார்க்காமல் புதியவை பொருத்தப்படுகின்றன.