எத்தனை சீசீ?

பாவித்த டீசல் கார் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை சீசீ?"

1936இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 260டி காரின் எஞ்சின் 2545 சீசீ. வலு 45 குதிரைவலுதான். 1976இல் வொக்ஸ்வேகன் கோல்ஃப் டீசல், 1.5 லீற்றரிலேயே 50 தந்தது. 1997இல் அல்ஃபா ரோமியோ 156, டர்போவும் கொமன் ரெயிலும் சேர, 1.9 லீற்றரில் 105 தந்தது.

ஆகவே சீசீ மட்டும் வலுவைச் சொல்லாது. டர்போ இல்லாத பழைய காரில் குடும்பத்தோடு மலையேற இரண்டு லீற்றராவது நல்லது. டர்போ உள்ளதில் 1.5 போதும், ஆனால் டர்போவோ இன்ஜெக்டரோ பழுதானால் செலவு பெரிது.

கடன் எடுத்து வாங்குபவர்கள் நாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, புகையைப் பார்த்துவிட்டு விலை பேசுவோம்.